பள்ளத்தாக்கில் திரை – 11: ஆரஞ்சுக் கூம்பு

1984 டிசம்பரில் ஆண்டிபட்டித் தொகுதி வீடியோ பார்த்து வாக்களித்த கதையை இந்தத் தொடரின் ஆரம்பத்தில் சொல்லியிருந்தேன். எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் நலமாக இருக்கிறார் என்று காட்டும் படம் தமிழகம் முழுக்க ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. தொகுதிப் பக்கம் வராமலேயே அவர் ஜெயித்தார். அதன் பிறகு கொடைக்கானல் கோபுரம், மொட்டை மாடி ஆன்டெனா, டிஷ், தெருவுக்குத் தெரு கேபிள் என்று பத்துப் பகுதிகள் கடந்து வந்துவிட்டோம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எந்தப் படம், எந்த வழியில், எந்தப் பெட்டியில் வர வேண்டும் என்பதை முடிவு செய்தவர் வேறு யாரோ. வீடியோ கடைக்காரர், தூர்தர்ஷன், கேபிள்காரர் என்று ஆள் மாறினாரே தவிர, பார்ப்பவருக்கு அதில் பங்கு இல்லை. அந்த நிலை முதன்முதலாகக் கொஞ்சம் அசைந்தது கணினித் திரையில்தான். அதை அசைத்த மென்பொருளின் கதையைத்தான் இந்தப் பகுதியில் பார்க்கப் போகிறோம்.

இணையத் தொலைக்காட்சி என்றதும் பலரும் யூடியூபிலிருந்து தொடங்குவார்கள். யூடியூப் வந்தது 2005-ல். நாம் அதற்கும் பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

பாரிஸ் நகருக்குத் தெற்கே ஷாத்தனே-மலாப்ரி என்ற ஊரில் எகோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற பொறியியல் கல்லூரியின் வளாகம் இருந்தது. வளாகத்தின் கணினி வலையை மாணவர்களே ஒரு சங்கம் வைத்து நடத்தி வந்தார்கள். டோக்கன் ரிங் என்ற பழைய முறையில் போடப்பட்ட வலை அது. 1990-களின் நடுவில் அதன் வேகம் யாருக்கும் போதவில்லை. விடுதி அறைகளிலிருந்து சேர்ந்து விளையாட முடியவில்லை என்பதுதான் மாணவர்களின் முதல் குறை. புது வலை கேட்டு நிர்வாகத்திடம் போனார்கள். பணம் இல்லை, தொழில் நிறுவனங்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று நிர்வாகம் அனுப்பிவிட்டது. புயிக் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு யோசனை கிடைத்தது. அறைக்கு ஒரு டிஷ், அறைக்கு ஒரு டிகோடர் என்று வைக்காமல், ஒரே பெரிய டிஷ் வைத்து, செயற்கைக்கோளிலிருந்து வரும் படத்தை வலை வழியாகவே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிக் காட்டினால் என்ன? அப்படிக் காட்ட வேகமான வலை தேவை. மாணவர்கள் கேட்டது கிடைக்க அதுவே வழியானது.

நெட்வொர்க் 2000 என்ற பெயரில் அந்த வேலை 1996-ல் தொடங்கியது. மதுரையிலிருந்து பிரிந்து தேனி மாவட்டம் பிறந்ததும் அதே வருஷம். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தத் தொடருக்காகக் காலவரிசை எழுதி வைக்கும்போது அந்த இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1998-ல் அந்த மென்பொருளை முதலிலிருந்து திரும்ப எழுதினார்கள். வீடியோலேன் என்று பெயர் வைத்தார்கள். படத்தை அனுப்பும் பகுதி ஒன்று, வாங்கிக் காட்டும் பகுதி ஒன்று. காட்டும் பகுதிக்கு வீடியோலேன் கிளையன்ட் என்று பெயர். அதன் சுருக்கம்தான் விஎல்சி. ஆரஞ்சும் வெள்ளையுமாக ரோட்டோரம் நிற்கும் போக்குவரத்துக் கூம்பு அதன் சின்னமானது. அந்த மாணவர் சங்கத்தில் அப்படிப்பட்ட கூம்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து சேர்த்து வைக்கும் பழக்கம் இருந்ததாம்.

இந்த வரலாற்றில் நான் அடிக்கோடிடும் தேதி 2001 பிப்ரவரி 1. அன்றுதான் கல்லூரியின் ஒப்புதலோடு வீடியோலேன் மென்பொருள் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியானது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் மூல நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். வாங்கியவருக்கும் அதே உரிமைகள் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கல்லூரி அன்று மறுத்திருந்தால் அது ஒரு வளாகத்துக்குள் வாழ்ந்து மறைந்த மாணவர் திட்டமாகவே போயிருக்கும். 2009-ல் வீடியோலேன் கல்லூரியிலிருந்து பிரிந்து, லாப நோக்கமில்லாத தனி அமைப்பாக நின்றது. அதன் தலைவர் ழான்-பப்திஸ்த் கெம்ப். மென்பொருளுக்குள் விளம்பரம் வைக்கப் பல கோடி யூரோ தருவதாக வந்த பேரங்களை மறுத்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2025 ஜனவரியில் விஎல்சியின் மொத்தத் தரவிறக்கம் 600 கோடியைத் தாண்டியதாக அமைப்பு அறிவித்தது.

ஒரு வளாகத்துக்குள் அவ்வளவு சுலபமாக ஓடிய தொலைக்காட்சி, வெளியே இணையத்தில் ஏன் அப்படித் திணறியது? கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைப் பெரியாற்றுத் தண்ணீரை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அத்தனைக்கும் ஒரே ஆறுதான். மதகில் பிரிந்து, வாய்க்காலில் பிரிந்து வயலுக்கு வருகிறது. பாரிஸ் மாணவர்கள் செய்தது அதுதான். ஒரே ஓட்டம், தேவைப்படும் இடத்தில் மட்டும் கிளை. மல்டிகாஸ்ட் என்று அதற்குப் பெயர். வெளி இணையத்தில் இணையச் சேவை நிறுவனங்கள் அந்த மதகுகளைத் திறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பார்வையாளருக்கும் அணையிலிருந்தே தனித்தனி வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று. ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் வாய்க்கால். ஒளிபரப்பியவரின் கணினி படுத்துவிடும். இதற்கு மாற்றாகச் சீனாவில் மூன்றாவது வழி ஒன்று பிறந்தது. மேல் வயல் நிறைந்ததும் வரப்பில் வாய் வெட்டிக் கீழ் வயலுக்கு விடுவது போல, ஒரு பார்வையாளரின் கணினியே அடுத்தவருக்குப் படத்தைக் கடத்தும். பிபிலைவ், சாப்காஸ்ட் போன்றவை அப்படி வந்தவை. கிரிக்கெட் பார்க்க சாப்காஸ்ட் தேடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

அவை காசில்லாமல் கிடைத்தன. ஆனால் மூல நிரல் பூட்டியே இருந்தது. அதற்கு முன்பு 1990-களில் கொடிகட்டிப் பறந்த ரியல் பிளேயரும் அப்படித்தான். உலாவிகளில் எல்லா வீடியோவையும் தாங்கி நின்ற ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தப்பட்டது. நடத்தியவர்கள் கை விட்டதும் அந்த மென்பொருளை எடுத்துச் செப்பனிட வேறு யாருக்கும் உரிமை இல்லை. 2001-ல் திறந்து வைக்கப்பட்ட விஎல்சியோ இன்றும் ஓடுகிறது. அது சாய்ந்து நிற்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் தொகுப்பும் 2000-ல் தொடங்கிய கட்டற்ற திட்டம்தான். இந்தத் துறையில் நிலைத்தது எது, நிலைக்காமல் போனது எது என்று பார்த்தால், என் கணக்கில் இதுதான் முதல் காரணம். தொழில்நுட்பத் திறமையெல்லாம் அதற்கு அடுத்துதான்.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். தொலைபேசிக் கம்பியில் டயல் செய்து இணைந்த அந்தக் காலத்தில் வீடியோ என்ற பேச்சே கிடையாது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் கொண்டுவந்தது. வேகம் 256 கிலோபிட். கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டால் நொடிக்கு 32 கிலோபைட்தான். 100 எம்பி கொண்ட ஒரு வீடியோ வந்து சேர ஏறக்குறைய 53 நிமிஷம். நேரலையாகப் பார்க்க உட்கார்ந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தலைமுறை மறக்காத ஒன்று, இரவு 2 மணி. பிஎஸ்என்எல்லின் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து தரவிறக்கத்தை ஓட விட்டுவிட்டுத் திரும்பப் படுத்தவர்கள் உண்டு. நேரம் குறித்துத் தானே இறக்கும் மென்பொருளைப் போட்டு வைத்தவர்களும் உண்டு. விடிந்ததும் பென் டிரைவில் ஏற்றி நண்பர்களுக்குப் போகும். நேரலை என்பது நம் பக்கத்தில் அன்று நடைமுறையில் மறுநாள் காலைதான்.

அப்படி இறங்கிய கோப்புகளில் பாதி முழுசாக இறங்கியிருக்காது. கரண்ட் போயிருக்கும், அல்லது 8 மணிக்கு நிறுத்தியிருப்பார்கள். மற்ற பிளேயர்கள் அந்தக் கோப்பைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிடும். விஎல்சி திறக்கும். கோப்பின் அட்டவணை உடைந்திருக்கிறது, சரிசெய்யவா, அப்படியே ஓட்டவா என்று கேட்கும். அப்படியே ஓட்டச் சொன்னால் வந்து சேர்ந்த வரைக்கும் ஓட்டிவிட்டு நிற்கும். ஒலியை 200 சதவீதம் வரை ஏற்றலாம் என்பதும் சின்ன விஷயமில்லை. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கரில் வசனம் கேட்க அது இல்லாமல் முடியாது. சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக் என்ற நிரலைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டாம் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வசதி. பிரவுசிங் சென்டர்களிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளிலும் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்த கையோடு விஎல்சியையும் போட்டுக் கொடுப்பது வழக்கமானது இதனால்தான்.

2011 செப்டம்பர் நம் கதையில் முக்கியமான மாதம். 2-ஆம் தேதி அரசு கேபிள் டிவி நிறுவனம் புத்துயிர் பெற்றது. மாதம் 70 ரூபாய்க்கு கேபிள். 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இரண்டையும் தொடங்கி வைத்த முதலமைச்சர் ஜெயலலிதா. 1989-ல் போடிநாயக்கனூரிலிருந்தும், 2002-லும் 2006-லும் ஆண்டிபட்டியிலிருந்தும் சட்டமன்றம் சென்றவர். அதற்கு முந்தைய ஆட்சி 2006 முதல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வீடு வீடாகக் கொடுத்திருந்தது. ஆக, பெட்டியும் அரசு கொடுத்தது, கம்பியும் அரசு இழுத்தது. மடிக்கணினி மட்டும் வேறு ஜாதி. அதில் என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது.

முதல் கட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் 2007-ல் உருவான இந்தியக் கட்டற்ற இயங்குதளம் அது, டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்க்காமல் விண்டோஸிலேயே இருந்துவிட்டார்கள். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை என்பது ஒரு காரணம். இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அந்தத் திட்டத்தில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் கொடுக்கப்பட்டன. ஒரு மாநிலமே கட்டற்ற மென்பொருளைப் பழகிக்கொள்ள வாய்த்த சந்தர்ப்பம் அது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் அதைச் செய்து காட்டியது. ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளிகள் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2005 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்த விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி எடுசாட் செயற்கைக்கோள் வழியாக வந்தது, இணையத்திலும் ஓடியது. 2020 ஜூன் 1-ல் பெருந்தொற்றுக் காலத்துக்கான வகுப்புகளை அதில் தொடங்கியபோது, தமிழ்வழி மாணவர்களுக்கான பாடங்களைப் பாலக்காட்டிலிருந்து தயாரித்து இணையத்தில் ஏற்றினார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இடுக்கியில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். அவர்களுக்காகவும் செய்த வேலை அது.

நம் பக்கத்தில் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. அரசு கேபிளில் 200-ஆம் எண். 2020 ஜூலையில் பாடங்கள் அதில் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் வேறு ஏற்பாடும் செய்தார்கள். மாணவர்கள் தங்கள் மடிக்கணினியோடு பள்ளிக்கு வந்து, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பாட வீடியோக்களை ஏற்றிக்கொண்டு போகலாம். கேபிளும் எட்டாத, சிக்னலும் நிற்காத மலைக்கிராமங்கள் உள்ள மாவட்டத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று மேகமலைப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். இரவு 2 மணிக்கு இறக்கிப் பென் டிரைவில் கொண்டு போன பழைய பழக்கத்தையே அரசு முறையாகச் செய்தது.

கணினியில் இணையச் சேனல் பார்ப்பது எப்படி என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். விஎல்சியைத் திறந்து கண்ட்ரோல் விசையோடு N விசையை அழுத்தினால் ஒரு பெட்டி வரும். சேனலின் ஓடை முகவரியை அதில் ஒட்டி, ப்ளே அழுத்தினால் போதும். பல சேனல்களை ஒரே பட்டியலாக வைக்க எம்3யு என்ற கோப்பு இருக்கிறது. அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எழுத்துகள்தான். ஒரு வரியில் சேனல் பெயர், அடுத்த வரியில் முகவரி, மறுபடி பெயர், மறுபடி முகவரி. கேபிள்காரர் வரிசைப்படுத்திக் கொடுத்த சேனல் வரிசையை, வேண்டியதை மேலே வைத்து, வேண்டாததை அழித்து, பார்ப்பவரே எழுதிக்கொள்ளலாம். பெரிய திரைக்கு கோடி என்ற கட்டற்ற மென்பொருள் பொருத்தமானது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்து, 2014-ல் இந்தப் பெயருக்கு மாறியது.

இதே பட்டியல் முறையை வைத்துத்தான் கட்டணச் சேனல்களைத் திருடி விற்பவர்களும் பிழைக்கிறார்கள். அந்தப் பட்டியல்களை வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பதோடு, ஒழுங்காகக் கட்டணம் கட்டித் தொழில் செய்யும் நம் ஊர் கேபிள்காரர்களின் வயிற்றில் அடிப்பதும் அதுதான். செய்திச் சேனல்கள், கல்வித் தொலைக்காட்சி, தூர்தர்ஷன் எல்லாம் தாங்களாகவே இணையத்தில் இலவசமாக ஓடுகின்றன.

கடைசியாக 2022. பிப்ரவரி மாதத்திலிருந்து வீடியோலேன் அமைப்பின் இணையதளம் இந்தியாவில் பல நிறுவனங்களின் இணைப்புகளில் திறக்கவில்லை. எந்த அறிவிப்பும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. சீனாவோடு தொடர்புடைய ஒரு ஊடுருவல் குழு, விஎல்சியின் நகலோடு தீய நிரலைச் சேர்த்துப் பயன்படுத்தியதாக ஏப்ரலில் வந்த ஓர் ஆய்வறிக்கையைப் பலரும் காரணமாக ஊகித்தார்கள். அது விஎல்சியின் குறையல்ல, அதன் பெயரைப் பயன்படுத்திக்கொண்டவர்களின் வேலை. உண்மையான தளத்தை மூடினால் ஜனங்கள் எங்கிருந்து இறக்குவார்கள்? தேடலில் முதலில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்திலிருந்து. பாதுகாப்புக்காகச் செய்ததாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒன்பது மாதமும் பாதுகாப்பைக் குறைத்தது அந்தத் தடைதான். அக்டோபரில் இன்டர்நெட் ஃப்ரீடம் பவுண்டேஷன் என்ற அமைப்பின் துணையோடு வீடியோலேன் சட்ட அறிவிப்பு அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது. ஏற்கனவே நிறுவிய கணினிகளில் விஎல்சி ஒரு நாளும் நிற்கவில்லை. எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் அனுமதி கேட்டு ஓடும் மென்பொருளாக இருந்திருந்தால் அன்றே நின்றிருக்கும்.

விஎல்சியைத் தமிழில் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பல வரிகள் இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. டிரான்ஸிஃபெக்ஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டு யார் வேண்டுமானாலும் அவற்றைத் தமிழாக்கலாம், நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கல்லூரி மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே நிறைய நகரும். தேனி, போடி, உத்தமபாளையம் கல்லூரிகளில் தமிழும் கணினியும் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், தொடங்குங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 2011, 2012-ல் மடிக்கணினி வாங்கிய இந்த மாவட்டத்து மாணவர்கள் இன்று முப்பது வயதைத் தொட்டிருப்பீர்கள். அதில் முதலில் என்ன பார்த்தீர்கள், எங்கிருந்து கிடைத்தது, பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தவர் யாராவது உண்டா என்று எழுதுங்கள். எத்தனை மடிக்கணினி கொடுத்தோம் என்ற கணக்கு அரசிடம் இருக்கிறது. அதில் என்ன பார்த்தார்கள் என்பதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். வரும் கடிதங்களை வைத்து அடுத்த பகுதியை எழுதுகிறேன்.